இல்லாத தையல்

மேசை இழுப்பறையில்
எட்டு சார்ஜர், மூன்று கைக்கடிகாரம்,
ஒற்றைக் காதுக்கு மட்டும் பாடும் இயர்பட்ஸ்.
அதன் ஜோடி ஊத்துக்குளி தாண்டி
ரயில் ஜன்னலில் போனது.
தமயந்தி இதைச் சுடுகாடு என்கிறாள்.
செத்துப்போன ஒன்றுக்கு
ஏழாவது தவணை இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

விரலில் ஒரு மோதிரம்.
நேற்றிரவு அறுபத்தொரு மார்க் தூங்கினேனாம்.
பத்தாவதில் கணக்குக்கு வாங்கியதும் அதேதான்.

எது புதிதாய் வந்தாலும்
முதல் நாளே தொட்டுப் பார்த்தாக வேண்டும் எனக்கு.
கண்ணபுரம் சந்தையில் காளையின் வாயைப் பிளந்து
பல் பார்ப்பார்களே, அப்படி
டப்பாவைத் திறந்ததும் விளிம்பைத் தடவுவேன்.

எழுதும் எந்திரம் வந்தபோதும் விடவில்லை.
பையருக்குப் போகும் கடிதமெல்லாம் இப்போது அதன் கைவண்ணம்,
என்னைவிடப் பணிவு.
'ஷேடு மாறிப்போச்சு' என்று நான் சொன்னால்
'நிறத்தின் ஆழத்தில் ஒரு மென்மையான நகர்வு' என்கிறது.
ஹாம்பர்க்காரன் அதைப் படித்துவிட்டு
அஞ்சு சதவீதத்தோடு விட்டுவிட்டான்.

பேச்சில்தான் தடுக்கி விழும்.
"ஏனுங், நூல் கோன் வந்துருச்சுங்ளா"
என்றேன் போனிடம்.
'யானை, நூலகம் வந்துருச்சு கலா'
என்று எழுதிக்கொண்டது.
யாருங் அந்தக் கலா, என்றாள் தமயந்தி,
பாதி விளையாட்டாக.

ஒருமுறை படம் கேட்டேன்: திருப்பூர் பனியன் கம்பெனி.
கோபுரம் தந்தது. ராட்டை தந்தது.
ஜரிகைச் சேலையில் சிரிக்கும் பெண்களைத் தந்தது.
புருவத்தில் படியும் பஞ்சுத்தூசி மட்டும்
எத்தனை முறை கேட்டும் வரவில்லை,
மார்கழிப் பனிபோல் ஏதோ தூவிக் கொடுத்தது.

போன மாசம் பையரே ஒரு படம் அனுப்பினான்.
எந்திரம் வரைந்த டீ-சர்ட்.
தோளில் கிளம்பிய தையல்
கழுத்தைச் சுற்றி, துணிக்குள் மூழ்கி,
அக்குளில் எழுந்து, எங்கோ இரண்டாகி
முடியாமலே முடிந்திருந்தது.
"இப்படியொரு தையலே கெடையாதுங்"
என்று கண்ணாடியைக் கழற்றினார்
பேட்டர்ன் மாஸ்டர் கார்வேந்தன்.
நான் எந்திரத்தையே கேட்டேன்.
பத்துப் படிகள் சொன்னது, தயங்காமல்.
மூன்றாம் படியில்
கை நுழைய இடமில்லை.

சாம்பிள் செக்‌ஷனில் சுமித்ரா கட்ராகா.
ராயகடாவிலிருந்து வந்து ஒன்றரை வருசம்.
"சித்தெ இருங்ணா" என்றாள்.
என் போனுக்கு இன்னும் பிடிபடாத சொல்.
படத்தைப் பெரிதாக்கினாள், தலைகீழாக்கினாள்,
துணியை உள்புறம் திருப்பிக்
கையூசியில் நாலு குத்து.
பிறகு பிளாட்லாக். பிறகு அத்தனையும் பிரித்து
மறுபடி முதலிலிருந்து.
டிபன் பாக்ஸ் திறக்கவேயில்லை.
நாலரைக்குக் கொண்டுவந்து வைத்தாள்.
இருந்தது, அந்தத் தையல்,
தோளிலிருந்து மூழ்கி அக்குளில் எழுந்து.

அருமை என்று எழுதினான் ஹாம்பர்க்காரன்
(அதையும் எந்திரம்தான் எழுதியிருக்கும்).
ஒரு பீஸுக்கு எத்தனை நிமிசம் என்று கேட்டான்.
சொன்னேன்.
ஆர்டர் வரவில்லை.
உலகத்தில் ஒன்றே ஒன்றான அந்தச் சட்டை
சார்ஜர்களுக்கு அடியில் மடித்துக் கிடக்கிறது.

"பன்னெண்டாயிரத்துக்குள்ள நல்ல போன் எதுங்ணா?"
நேற்று டீ நேரத்தில் சுமித்ரா கேட்டாள்.
கேட்க ஆளில்லாத எனக்கு
வேறென்ன வேண்டும்.
பேட்டரி, கேமரா, ராம், திரை,
பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் அதிசயம்
எல்லாம் சொல்லி முடித்தேன்.
டீ ஆடை கட்டிவிட்டது.

"எங்கம்மா பேசறது அதுக்குப் புரியுங்ளா?"

என்ன பாசை என்றேன். குவி என்றாள்.
மொழிகளின் பட்டியலைத் திறந்து
விரலால் இழுத்துக்கொண்டே போனேன்.
கேள்விப்படாத பெயரெல்லாம் வந்தது.
அவளும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
மேலே போய், மறுபடி கீழே வந்தேன்.

கையில் கடிகாரம் அதிர்ந்தது:
வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள்,
எழுந்து கொஞ்சம் நடங்கள்.